மருந்துக் குடோனும் பழ ஈக்களும்

எறும்பு வரவில்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் நடத்தும் பனியன் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் திறந்திருந்தார்கள். தைக்க வரும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலை பார்க்க ஓர் அறை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டதால் வந்த ஏற்பாடு. பூஜை முடிந்து எல்லோருக்கும் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். ஏதோ ஒரு குழந்தை தட்டிவிட்டதில் கொஞ்சம் சுவரோரமாகச் சிந்திக் கிடந்தது. மறுநாள் மத்தியானம் நான் திரும்பவும் அங்கே போக வேண்டியிருந்தது. சுவர்களில் மிருகங்களும் பறவைகளும் வரைவதற்கு என் கல்லூரி மாணவிகளை அழைத்து வந்திருந்தேன், அந்த வேலை பாதியில் நின்றிருந்தது. சிந்திய பொங்கல் அப்படியே காய்ந்து கிடந்தது. நெய்யும் வெல்லமும் போட்ட பொங்கல். ஒரு எறும்புகூட அதைத் தொடவில்லை.

வெளியே படிக்கட்டில் சிந்தியிருந்த பருக்கைகளை எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. அந்த வரிசை நிலைப்படி வரைக்கும் வந்தது. அங்கே வந்து பக்கவாட்டில் திரும்பிவிட்டது. உள்ளே ஒரு பல்லி இல்லை, மூலையில் ஒரு சிலந்தி நூல் இல்லை. புதுப் பெயிண்ட் அடித்த அறை அப்படித்தான் இருக்கும் என்று மாணவிகள் சொன்னார்கள். இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள். வெல்லத்தை வேண்டாம் என்று திரும்பிப் போகும் எறும்பை என்னால் சும்மா விட முடியவில்லை.

அந்த அறை என்னவாக இருந்தது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பனியனுக்கு வருவதற்கு முன்னால் பெரியவர், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், பூச்சி மருந்துக் கடை வைத்திருந்தார். பருத்திக்கும் தக்காளிக்கும் அடிக்கிற மருந்து. அந்தக் கடையின் குடோன்தான் அது. எங்கள் பக்கத்தில் அதற்கு மருந்து என்றுதான் பேர். மருந்தடிக்கப் போறேன் என்பார்கள், மருந்து குடிச்சுட்டா என்பார்கள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பயிரையும் பார்த்துக்கொண்டோம், சாவையும் பார்த்துக்கொண்டோம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் குடோனைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். கடையை மூடிய பிறகும் விற்காத டின்களும் காலாவதியான பாட்டில்களும் உள்ளேயே கிடந்தன. மழைக்காலத்தில் ஓடு ஒழுகி, டின்கள் துருப்பிடித்து, உள்ளேயிருந்தது சிமெண்டுத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

காப்பகம் என்ற பேச்சு வந்ததும் பெரியவர் கோயமுத்தூரிலிருந்து ஒரு சுத்திகரிப்புக் கம்பெனியைக் கூட்டி வந்தார். முகமூடியும் வெள்ளைக் கோட்டுமாக ஆட்கள் வந்தார்கள். பழைய டின்களை எடுத்துப் போனார்கள். நுண்ணுயிர் கலந்த ஏதோ திரவத்தைத் தரையில் ஊற்றி, அது மருந்தையெல்லாம் தின்றுவிடும் என்றார்கள். கழுவினார்கள், பெயிண்ட் அடித்தார்கள். நச்சு எதுவும் இல்லை என்று ஒரு சான்றிதழ் வந்தது. பெரியவர் அதற்குச் சட்டம் போட்டு காப்பகத்து வாசலிலேயே மாட்டினார். அதற்குக் கீழேதான் குழந்தைகளின் செருப்புகளை விடுவார்கள்.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவைப் போட்டிருந்தார்கள். அவினாசிப் பக்கத்துக் கிராமத்துக் கிறித்தவக் குடும்பம். அதே கம்பெனியில் தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் செக்சனில் இருந்தவர். கண்பார்வை குறைந்ததால் இந்த வேலைக்கு மாற்றியிருந்தார்கள். தையல் லைனில் இருக்கும் வடக்கத்திப் பெண்களோடு பழகி இந்தி நன்றாகப் பேசுவார். படம் வரையும் வேலை முடிந்த பிறகும் நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரிடம், குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நல்லாத்தானுங்க டீச்சர் இருக்குதுக. சளி புடிச்சாப்புல மூக்கும் வாயும் ஒழுகீட்டே இருக்குது. அந்த ஒடிசாக்காரப் புள்ளையோட பாப்பாதான், பாருங்க, சதா தூங்கீட்டே இருக்கறா. ஞாயித்துக்கெழமை ஊட்ல இருக்கறப்ப ஓடியாடி வெளையாடுறாளாமா. இங்க வந்தாத் தூக்கம்."

"டாக்டர்ட்டக் காட்டினாங்களா?"

"காட்டுனாங்க. சளிக்கு டானிக் குடுத்துருக்கறாரு."

அந்தப் பாப்பா பாய்க்கு வெளியே உருண்டு, வெறும் தரையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகித் தரையில் தேங்கியிருந்தது. உள்ளங்கை அந்த ஈரத்தில் இருந்தது. எழுந்ததும் அந்தக் கையைத்தான் வாயில் வைப்பாள். நான் அவளைத் தூக்கிப் பாயில் போட்டேன். அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. வந்த வேகம்கூடக் குறையவில்லை.

எங்கள் லேபில் மரபியல் பாடத்துக்காகப் பழ ஈ வளர்க்கிறோம். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் அந்தச் சின்ன ஈதான், சிவப்புக் கண்ணோடு இருக்கும். ரவையும் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சிய கூழைப் பாட்டிலின் அடியில் ஊற்றி ஆற வைத்தால் அதிலேயே தின்று, முட்டையிட்டு, பல்கிப் பெருகும். பூச்சி மருந்து என்பதே பூச்சியைக் கொல்லச் செய்தது. அது ஒரு இடத்தில் மிச்சம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பூச்சியை விட்டுப் பார்ப்பதுதான் நேர்வழி. சான்றிதழ் கொடுக்கிற லேப் மெஷின் ஒவ்வொரு ரசாயனமாகத் தேடும், தேடச் சொன்னதை மட்டும்தான் தேடும். ஈக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்த மருந்தாக இருந்தாலும், நாலைந்து மருந்து கலந்து வேறொன்றாக மாறியிருந்தாலும், அது விஷமாக இருந்தால் ஈ சாகும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், குழந்தைகள் போன பிறகு, காப்பகத்துத் தரையும் சுவரும் சேரும் இடுக்கில் பிரஷ்ஷால் கூட்டித் தூசி எடுத்தேன். தரையில் விரிசல் விட்ட இடத்தில் கொஞ்சம் சுரண்டினேன். பனியன் பஞ்சுதான் ஈயைக் கொன்றது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தையல் ஹாலிலும் தூசி எடுத்துக்கொண்டேன். பெயிண்ட்தான் கொன்றது என்று சொல்லக் கூடாது என்பதற்காக, அதே பெயிண்ட்டை அதே வாரம் அடித்திருந்த ஆபீஸ் அறையிலும் எடுத்தேன். கல்லூரி வராந்தாத் தூசியும் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாட்டிலில் பரப்பி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து, ஈக்களை உள்ளே விட்டேன்.

மற்ற பாட்டில்களில் ஈக்கள் எப்போதும் போல மேலே ஏறின. பழ ஈக்கு எப்போதும் மேலே ஏறுகிற புத்தி. காப்பகத்துத் தூசி இருந்த பாட்டிலில் முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு அவை கால்களை ஒன்றோடொன்று தேய்க்க ஆரம்பித்தன, ஒட்டிக்கொண்டதைத் துடைத்துவிட வேண்டும் என்பது போல. ஏறிய ஈ சறுக்கி விழுந்தது. மறுபடி ஏறி மறுபடி விழுந்தது. மல்லாந்து கிடந்த ஈக்களுக்குப் பறக்காத இறக்கைகள் அதிர, கால்கள் துடித்தன. மறுநாள் காலையில் அந்தப் பாட்டிலில் எதுவும் நகரவில்லை.

நான் அப்போதே போனை எடுத்திருக்கலாம். ஆனால் என் பேச்சை யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் திரும்பச் செய்தேன். இந்த முறை எந்தப் பாட்டிலில் எந்தத் தூசி என்று எனக்கே தெரியாதபடி எங்கள் லேப் உதவியாளரை வெறும் எண் மட்டும் எழுதி ஒட்டச் சொன்னேன். நான் செத்ததையும் பிழைத்ததையும் மட்டும் சொன்னேன். பிறகு அவர் எந்த எண் எந்த இடம் என்று சொன்னார். செத்தவை எல்லாம் காப்பகம். பிழைத்தவற்றில் காப்பகம் ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வீட்டில் சாப்பாடு. வெள்ளாட்டுக் கறி. எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன், பாடம் நடத்துவது போல.

பெரியவர் கோபப்படவில்லை. சிரித்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஏனம்மிணி, எறும்பு வர்லீங்கறது ஒரு குத்தமா? வந்தாத்தான மருந்தடிக்கோணும்."

"மாமா, நான் எறும்பைப் பத்திச் சொல்லலீங்க. கொழந்தைக தரையில தவழுதுங்க. கையை வாயில வெக்குதுங்க."

"சர்டிபிகேட் மாட்டிருக்குதல்லொ? கோயமுத்தூர்ல பெரிய லேப்ல போட்ட டெஸ்ட்டு. அத்தனை பெரிய மெஷினுக்குத் தெரியாதது உன்ற ஈக்குத் தெரிஞ்சுதாக்கு?" என்றவர், என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னப்பா, இனி ஈயைக் கேட்டுத்தான் கம்பெனி நடத்தோணுமாட்ட இருக்குது" என்றார்.

என் வீட்டுக்காரர் அண்ணனோடு கம்பெனியில் பங்குதாரர். கட்டிங்கும் டிஸ்பேட்சும் அவர் பொறுப்பு. தட்டைப் பார்த்துக்கொண்டு எலும்பைக் கடித்தார்.

இரண்டொரு நாளில் சுத்திகரிப்புக் கம்பெனி மேனேஜர் எங்கள் வீட்டுக்கே வந்தார். பெரியவர் அனுப்பியிருந்தார். நல்ல மரியாதையான ஆள். காபி கொடுத்தேன்.

"மேடம், பூச்சிங்கறது ரொம்ப சென்சிட்டிவ்ங்க. மனுசனும் ஈயும் ஒண்ணா?"

"மருந்து வேலை செய்யறது நரம்புலீங்க. நரம்பு ஈக்கும் இருக்குது, கொழந்தைக்கும் இருக்குது. நீங்க எங்கெங்க சாம்பிள் எடுத்தீங்க?"

"சுவத்துல எடுத்தோங்க."

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் காபியைக் குடித்தார். "வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தானுங்க எடுக்கோணும்."

"தரையில?"

"தரை கழுவியாச்சுங்களே."

"எந்த மருந்தைத் தேடச் சொல்லி லேபுக்கு அனுப்புனீங்க?"

"கடைசியா ரெண்டு மருந்துதான் ஸ்டாக் இருந்துச்சுன்னு சார் சொன்னாருங்க. அதைத்தான் பார்த்தோம்."

அத்தனை வருசம் வியாபாரம் செய்த குடோன். எத்தனை விதமான டின் வந்து போயிருக்கும். புதுப் பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய், இரண்டே இரண்டு மருந்தைத் தேடச் சொல்லி, அது இல்லை என்றதும் எதுவுமே இல்லை என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். பொய் என்று சொல்லவும் வழியில்லை. அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் உண்மைதான். இப்படியொரு உண்மையைச் சொல்வதற்கு எத்தனை பேர் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டேன். எங்கள் ஊர் மரியாதை அது. மனசுக்குள் என்ன இருந்தது என்பதை எழுத முடியாது.

கல்லூரியில் முதல்வர் கூப்பிட்டு, குடும்ப விவகாரத்தில் கல்லூரி பேர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பெரியவர் அங்கேயும் பேசியிருந்தார்.

இனி யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். சொல்ல வேண்டியவர்களிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. குழந்தைகளின் அம்மாக்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர்கள் குழந்தைகளைப் பற்றி நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம், கறி தின்றுகொண்டு, காபி குடித்துக்கொண்டு.

மறுபடி பாட்டில்கள் தயார் செய்தேன். சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குக் காப்பகத்துக்குப் போய்ப் படிக்கட்டில் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்கள் குழந்தைகளை எடுக்க வந்தார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒடிசாப் பெண்கள், ஜார்க்கண்ட் பெண்கள், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருவர், உள்ளூர்க்காரர்கள் சிலர். நான் தமிழில் சொன்னதைக் காப்பகத்து அம்மா இந்தியில் சொன்னார். இது தையல் ஹால் தூசி, ஈ உயிரோடு இருக்கிறது. இது ஆபீஸ் தூசி, உயிரோடு இருக்கிறது. இது இந்த அறையின் தூசி.

தூங்கும் பாப்பாவின் அம்மா பாட்டிலைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். லைனில் கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது.

"இது செத்துச்சா டீச்சர்?"

"செத்துடுச்சு."

"எந்த மண்ணு?"

"இந்த ரூம் மண்ணு."

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படிக்கட்டிலிருந்த குழாயில் குழந்தையின் இரண்டு கைகளையும் திரும்பத் திரும்பக் கழுவினாள். பாப்பா தூக்கக் கலக்கத்தில் அழுதாள். மற்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குழாய்க்கு வந்தார்கள். காப்பகத்து அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு, "நானும் தெனமும் இங்கதானுங்க உக்காந்திருக்கறேன்" என்றார். எனக்குச் சொன்னது போலவும் இருந்தது, அவருக்கே சொல்லிக்கொண்டது போலவும் இருந்தது.

மறுநாள் அவர்கள் குழந்தைகளைக் காப்பகத்தில் விடவில்லை. லைனுக்கே தூக்கி வந்து, மெஷினுக்குக் கீழே துணிக் குவியலில் படுக்கவைத்தார்கள். சூப்பர்வைசர் விடவில்லை. அவர்கள் சண்டை போடவில்லை, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஓவர்லாக் மெஷினில் தைக்க ஆள் இல்லாமல் அடுத்த தையலுக்கான பிளாட்லாக் மெஷின் நின்றது, அதற்கடுத்து எல்லாம் நின்றது. அந்த வாரம் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு.

என் வீட்டுக்காரர் கல்லூரிக்கே வந்து என்னைக் காரில் ஏற்றினார்.

"வீட்டுக்குள்ள பேசி முடிச்சிருக்கலாமல்லொ?" என்றார்.

"வீட்டுக்குள்ளதானுங்க பேசுனேன். நீங்க எலும்பு கடிச்சுட்டு இருந்தீங்க."

அவர் காரைக் கம்பெனிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்.

பெரியவர் ஆபீஸில் நின்றுகொண்டிருந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை. "ஏதாச்சும் ஒரு கொழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சா? ஆயிருந்தாச் சொல்லு" என்றார்.

"ஆகட்டும்னு காத்துட்டு இருக்கறீங்களா மாமா?"

"நாலு பேர் பொளைக்கற எடம் அம்மிணி இது. நீ வந்து கெடுக்காத."

"உங்க பேரனைக் கொண்டு வந்து ஒரு நாள் அந்தத் தரையில படுக்க வைங்க. நான் இந்தப் பாட்டிலையெல்லாம் எடுத்துட்டுப் போயர்றேன். இனி பேச மாட்டேன்."

அவர் பேரனும் அந்தப் பாப்பா வயசுதான். மாடியில் ஏசி போட்ட வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தான். பெரியவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே பையர்கள் வந்தால் உட்காரும் மீட்டிங் ஹாலைக் காலி செய்து குழந்தைகளுக்குக் கொடுத்தார். மனசு இளகி அல்ல, கப்பலுக்கு நேரமாகிவிட்டது. அது எனக்கும் தெரியும், அந்தப் பெண்களுக்கும் தெரியும். இருந்தாலும் குழந்தைகள் அன்றைக்கு வேறு தரையில் இருந்தார்கள்.

பழைய அறையைத் திரும்பச் சுத்தம் செய்ய அதே கம்பெனிதான் வந்தது. இந்த முறை தரையின் மேல்பூச்சைக் கொத்தி எடுத்தார்கள், சுவரில் கீழ்ப்பகுதிப் பூச்சையும் எடுத்தார்கள். முடிந்தது என்றார்கள். நான் தூசி எடுத்து ஈ விட்டேன். உடனே சாகவில்லை, தாமதமாகச் செத்தன. மேனேஜர், "பார்த்தீங்களா, எவ்வளவோ குறைஞ்சிருச்சு" என்றார். மெதுவாகக் கொல்வதைச் சுத்தம் என்று சொல்லும் ஒருவரோடு எந்த மொழியில் பேசுவது? கீழே இருக்கும் கான்கிரீட்டையும் எடுங்கள் என்றேன். தரை முழுக்கப் பெயர்த்தார்கள். கான்கிரீட்டுக்குக் கீழே மண் ஓரிடத்தில் மட்டும் கறுத்து, பழைய குடோன் வாசனையோடு இருந்தது. அந்த மண்ணையும் தோண்டி எடுத்தார்கள்.

இதற்கு மேல் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தேன். சில நாள் கழித்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும்போது, ரோட்டோரப் பாறைக்குழியின் விளிம்பில் புதிதாகக் கொட்டியிருந்த இடிபாடு கண்ணில் பட்டது. கல் வெட்டி எடுத்துவிட்டு விட்டுப்போன குழி அது. மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும். ஒரு பூச்சுத் துண்டில் பச்சை நிறம். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். பாதிக் கிளி. என் மாணவிகள் வரைந்த கிளி. பக்கத்தில் முயலின் காது. அவற்றின் மேல் ஏறி வெள்ளாடுகள் நின்றிருந்தன. குழிக்குள் தண்ணீரோரம் இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"சைட் கிளியர் ஆகோணும்னுதானுங்க மேடம் சொன்னீங்க" என்றார்.

நான் ரோட்டில் நின்று கத்தினேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். விஷத்தை ஒரு குழந்தையின் வாயிலிருந்து எடுத்து இன்னொரு ஊர்த் தண்ணீரில் போடுவதற்கா இத்தனை பாடுபட்டேன்? அந்த ஆளுக்குக் கேள்வியே புரியவில்லை. அடுத்து பெரியவருக்குப் போட்டேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள், ஒரு பையில் இந்த இடிபாடும் இன்னொரு பையில் ஈ பாட்டிலுமாக நான் போய் நிற்பேன் என்றேன். பிறகு கீழே இறங்கி அந்தப் பெண்களிடம் இந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று விவரம் சொன்னேன். ஒருத்தி, "இங்க எதைத்தான் கொட்டுலீங்க" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் லாரி வந்தது. என் வீட்டுக்காரர் கூடவே வந்திருந்தார், யாரும் சொல்லாமல். கையுறை போட்டுக்கொண்டு ஆட்களோடு நின்று, கொட்டியதையெல்லாம் மண்ணோடு வாரி மூடி போட்ட டிரம்களில் அடைத்தார். ரசாயனக் கழிவைப் புதைப்பதற்கென்றே இருக்கிற இடத்துக்கு அது போனது. போய்ச் சேர்ந்த ரசீதை வாங்கிப் பார்த்த பிறகுதான் நான் விட்டேன். குழி விளிம்பு மண்ணையும் எடுத்து ஈ விட்டேன். பிழைத்தன.

அறைக்குப் புதுத் தரை போட்டு ஆறிய பிறகு கடைசியாக ஒரு முறை பார்த்தேன். ஈ உயிரோடு இருந்தால் மட்டும் போதாது என்று வைத்துக்கொண்டேன். தூசியைக் கூழிலேயே கலந்து வைத்தேன். ஈக்கள் அதில் முட்டையிட்டன. முட்டை பொரித்துப் புழுக்கள் கூழைக் குடைந்தன, பிறகு பாட்டில் சுவரில் ஏறிக் கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொண்டன. கூட்டை உடைத்துக்கொண்டு புது ஈக்கள் வெளியே வந்தன. இப்போது சுத்தம் என்று அப்போதுதான் சொன்னேன். ஆனால் அந்தப் பெண்கள் ஒருவரும் குழந்தையை அங்கே விடச் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அது இப்போது அட்டைப்பெட்டி அடுக்கும் அறை. குழந்தைகள் மீட்டிங் ஹாலிலேயே இருக்கிறார்கள்.

ஒடிசாக்காரப் பாப்பா பகலில் தூங்குவதில்லை இப்போது. காப்பகத்து அம்மா அவளைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை என்கிறார். டாக்டரிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லிக் கேட்டேன். "இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இந்த மாதிரி விஷயத்தில் கடைசியில் யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போய்விடுகிறது. அதை நம்பித்தான் இவ்வளவும் நடக்கிறது.

போன தடவை கம்பெனியைச் சோதித்துப் பார்க்க வெளிநாட்டிலிருந்து பையர் தரப்பில் ஒரு பெண் வந்திருந்தாள். பெரியவர் என்னையும் வரச் சொன்னார். பல மாதமாக என்னோடு பேசாதவர். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வா என்று தன் மனைவி மூலமாகச் சொல்லியனுப்பினார். போனால், வரவேற்பறையில் பழ ஈயின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறார். குழந்தைகளின் பாதுகாப்புக்காக உயிரியல் சோதனை செய்யும் கம்பெனி என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "எங்க குடும்பத்து சயின்டிஸ்ட்" என்று என்னை அறிமுகப்படுத்தினார்.

நான் அந்தப் பெண்ணிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். குடோன் என்னவாக இருந்தது, சான்றிதழ் எப்படி வந்தது, பெண்கள் வேப்பமரத்தடியில் ஏன் உட்கார்ந்தார்கள், கிளி எங்கே கிடந்தது, எல்லாமே. பெரியவர் குறுக்கிடவில்லை, குறுக்கிடும் அளவுக்கு ஆங்கிலமும் அவருக்கு வராது. அந்தப் பெண் முழுதும் கேட்டுக்கொண்டாள், வருத்தம் தெரிவித்தாள். பிறகு தீயணைக்கும் கருவிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டாள். அவர்களுக்கு அடுத்து பார்க்க வேண்டியது அது.

பெரியவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. என் வீட்டுக்காரர் தனியாகப் போய்விட்டு வருகிறார். ஒரு நாள் அவராகவே, "அண்ணன் பண்ணுனது தப்புத்தான்" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட குடோன்கள் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பருத்தி போன இடத்திலெல்லாம் பனியன் வந்திருக்கிறது. மருந்து இருந்த கட்டடங்கள் ஹாஸ்டலாகவும் கேண்டீனாகவும் லைன் வீடாகவும் மாறியிருக்கின்றன. போன மாதம் பாப்பாவின் அம்மா கல்லூரி கேட்டுக்கு வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் கவர். அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு ஓனரும் முன்னால் மருந்துக் கடை வைத்திருந்தவராம். வீடு வீடாகத் தூசி கூட்டி, வீட்டுக்கொரு முடிச்சாகப் போட்டுக் கொண்டு வந்திருந்தாள்.

எல்லாவற்றிலும் ஈ விட்டுப் பார்த்தேன். எதிலும் சாகவில்லை. அவளுக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் மெஷின் சத்தம் இரைந்தது.

"சரி டீச்சர். எல்லாருக்கும் சொல்றேன். லைன் ஓடுது, வெச்சர்றேன்" என்றாள்.